மூன்றாவது நூல்

மெழுகுப் பொம்மைக்கு இரண்டு கைகளும் கச்சிதமாக வந்திருந்தன. விரல்களில் நகங்கள்கூட இருந்தன. முகம்தான் இல்லை.

"பேருதான் பாக்கி," என்றாள் மெர்ரின். "பேரு கிடைச்சா முகம் தானா வந்துடும்."

பொம்மை சமையலறை மேசையில், குங்குமப்பூ பன் தட்டுக்கும் சர்க்கரைக் கிண்ணத்துக்கும் நடுவே படுத்திருந்தது. துப்பறியும் லவ்டே ஹாஸ்கிங் தன் தேநீரைத் தொடவில்லை. அவளுடைய உதவியாளர் டென்சில் மட்டும் பன்னை நோக்கிக் கையை நீட்டினார். அறுபதைத் தாண்டிய மனிதர். முப்பது வருடம் கடலோர பஸ் ஓட்டியவர்.

"பாத்து எடுக்கணும் அம்மணி," என்றார் லவ்டேயிடம். "மாத்திக் கடிச்சுட்டா யாருக்கோ முழங்கை போயிடும்."

மெர்ரின் சிரிக்கவில்லை. பன்னிரண்டு நாளாக அவள் சிரிக்கவில்லை.

போர்த்வீன் ஊர் மெர்ரினையும் அவளுடைய மூன்று சீடர்களையும் சூனியக்காரர்கள் என்றது. அவர்களும் தங்களை அப்படியேதான் சொல்லிக்கொண்டார்கள். அமாவாசையும் பௌர்ணமியும் மெர்ரினின் தோட்டத்துக் கற்சுவர் அறையில் கூடுவார்கள். பாட்டன் காலத்தில் மீனுக்கு உப்பு போட்ட அறை அது. உப்பும் தண்ணீரும் தெளித்து வட்டம் போடுவார்கள், வலமாகச் சுற்றுவார்கள், முடிந்ததும் கேக்கும் மதுவும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய் மறுநாள் வேலைக்குக் கிளம்புவார்கள். ஊருக்குப் பழகிவிட்டது. தபால்காரர் மருவுக்கு மருந்து கேட்டுப் பின்வாசல் வழியாக வருவார்.

அந்த அறைதான் எரிந்தது. ஒரு புதன்கிழமை மாலை, மெர்ரின் உப்பு வாங்கக் கடைக்குப் போயிருந்த நேரம். சற்று முன் உள்ளே விளக்கு எரிவதைப் பார்த்திருந்த அவள் கணவன் ஜாகோ, மனைவி உள்ளே இருக்கிறாள் என்று நினைத்துத் தீக்குள் ஓடினான். இல்லாதவளைத் தேடி எரியும் மரப்பலகைகளைக் கையாலேயே புரட்டியிருக்கிறான். ஜாகோ குயவன். இனிமேல் கரண்டி பிடிக்கலாம், சக்கரத்தில் மண் பிடிக்க முடியாது என்று சொல்லிவிட்டார் மருத்துவர்.

"ஹெட்லி பொலித்தோ," என்றாள் மெர்ரின். "உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வேலியில கிடந்த பெட்ரோல் டப்பா அவன் படகோடது. என் சீடப் பொண்ணு கெரன்சாதான் கண்டெடுத்தா. அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை ஜெபக்கூடத்துல நம்ம மேல நெருப்பு விழணும்னு கத்தினவனும் அவன்தான்."

"தெரியும்னா என்னை ஏன் கூப்பிட்ட?"

மெர்ரின் பொம்மையின் கட்டைவிரலை மெதுவாக அழுத்தினாள். இருவரும் ஒரே பள்ளியில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். லவ்டேக்கு அந்த விரல் அழுத்தம் நினைவிருந்தது. பொய் சொல்லப்போகும்போது அல்ல, உண்மை சொல்லப்போகும்போது மெர்ரின் அப்படிச் செய்வாள்.

"தப்பான பேரைச் சொல்லிட்டா, சொன்னவளுக்கே மூணு மடங்கு திரும்பும். சரியான பேரைச் சொன்னாலும் திரும்பும். அதை வாங்கிக்கிறேன். தப்பானதுக்கு வாங்கிக்க மாட்டேன். இன்னிக்கு அமாவாசை. வெளிச்சம் போனதும் வட்டம் போடுவேன். அதுக்குள்ள நீ வேற பேரு சொல்லலைன்னா ஹெட்லி பேருதான்."

சன்னலுக்கு வெளியே தோட்டத்துச் சுவரில் ஜாகோவின் தம்பிகள் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். படகோட்டிகள். காலையிலிருந்து அங்கேயே இருக்கிறார்கள். மெழுகுப் பொம்மையில் அவர்களுக்கு நம்பிக்கை கிடையாது. பெயரில் உண்டு. மெர்ரின் ஒரு பெயரைச் சொன்னால் அந்தப் பெயருக்குரிய மனிதனின் கைகள் இன்றிரவே ஜாகோவின் சூளைக்குள் போகும்.

லவ்டே எழுந்தாள். இந்த வீட்டில் தனக்கு மூச்சுமுட்டுவது புகை நாற்றத்தால் அல்ல என்று அவளுக்குத் தெரிந்தது. அவளுடைய தம்பியை வண்டி ஏற்றிக் கொன்றவன் சாட்சியில்லாமல் விடுதலையானவன். இன்றும் ஞாயிறுதோறும் கடற்கரையில் நாயோடு நடக்கிறான். லவ்டேயிடம் பெயர் இருக்கிறது. பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் இத்தனை வருடமாகத் தெரியவில்லை. மேசையில் கிடந்த பொம்மையை அவள் கொஞ்சம் பொறாமையோடுதான் பார்த்தாள்.

*

ஹெட்லி பொலித்தோ தன் கொட்டகையில் வலை பின்னிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"சூனியக்காரி அனுப்பினாளா?"

"நானாத்தான் வந்தேன்," என்றாள் லவ்டே. "நெருப்பு விழணும்னு ஜெபிச்சீங்களாமே."

"ஜெபிச்சேன். இப்பவும் ஜெபிப்பேன். ஜெபிக்கிறவன் தீப்பெட்டி எடுத்துட்டுப் போக மாட்டான். அப்படிப் போனா அது ஜெபம் இல்ல, அவிசுவாசம்."

"பெட்ரோல் டப்பா உங்களோடதுதானே?"

"என்னோடதுதான். இந்தக் கொட்டகைக்குப் பூட்டு கிடையாது. ஊரே வந்து கயிறு எடுத்துட்டுப் போகுது. திருப்பித் தர்றவன்தான் எவனும் இல்ல."

டென்சில் ஒரு மரப்பெட்டியின்மேல் வசதியாக உட்கார்ந்தார். "பாஸ்டர், ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். நீங்க எரிக்கிறதா இருந்தா எப்படி எரிச்சிருப்பீங்க?"

முதியவரின் ஊசி நின்றது. அந்தக் கேள்வியைத் தனக்குத்தானே ஏற்கனவே கேட்டுப் பார்த்திருப்பார் போல. பதில் தயாராக இருந்தது.

"மிச்சம் வைக்காம. அந்தக் கருமம் பிடிச்ச கத்தி, கிண்ணம், விளக்குமாறு, கயிறு, எல்லாம் சாம்பலாகிற வரைக்கும் வாசல்லயே நின்னு பாத்திருப்பேன்." ஊசி மறுபடி நகர்ந்தது. "ஆனா அந்தப் பையன் ஜாகோ நல்லவன். என் மனைவி சாவுக்குப் பூச்சாடி செஞ்சு கொடுத்தான். காசு வாங்கல. அவன் உள்ள ஓடறதைப் பாத்திருந்தா நானும் உள்ள ஓடியிருப்பேன். போங்க. குளிர் வருது, கதவைச் சாத்திட்டுப் போங்க."

வெளியே வந்ததும் டென்சில் கழுத்துத்துணியை இறுக்கினார். "அவரு இல்ல அம்மணி. அந்த ஆளுக்குக் கோபத்தை வெச்சுக்க வாரத்துக்கு ஒரு மேடை இருக்கு. மேடை இல்லாதவன்தான் எரிப்பான்."

லவ்டே கடலோரமாக நடந்தாள். கடற்பறவைகள் காற்றை எதிர்த்து ஒரே இடத்தில் மிதந்தன.

"மிச்சம் வைக்காம," என்றாள் கடைசியில். "அதுதான் விஷயம் டென்சில். வெறுக்கிறவன் எல்லாத்தையும் எரிப்பான். ஆனா அந்த அறையில இருக்கிற ஒவ்வொண்ணுக்கும் உயிர் இருக்குன்னு நம்பறவ ஒருத்தி எரிக்கிறான்னு வைங்க. அவளால எல்லாத்தையும் எரிக்க முடியுமா?"

"என் பெண்டாட்டி வீடு எரிஞ்சா திரைச்சீலையத்தான் முதல்ல எடுப்பா. என்னை ரெண்டாவது வாட்டி வந்து பாத்துக்குவா."

"அதேதான். எதை எடுத்துட்டுப் போனாங்கன்னு பாக்கணும். சாம்பல்ல எது இல்லையோ, அது ஆளைக் காட்டும்."

*

எரிந்த அறைக்குக் கூரை இல்லை. கருங்கல் சுவர்கள் மட்டும் வெறித்துக்கொண்டு நின்றன. மெர்ரின் வாசலிலேயே நின்றுவிட்டாள். டென்சில் கம்பியால் சாம்பலைக் கிளறி ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார்.

"இது?"

"கறுப்புப் பிடிக் கத்தி. வட்டம் போடறதுக்கு. அதால எதையும் வெட்ட மாட்டோம்."

"வெட்டாத கத்தி. என் மாமியார் வீட்டுல நாலு இருக்கு. இது?"

"செடி அறுக்கிற வெள்ளைப் பிடிக் கத்தி. அது கிண்ணம். அது கொப்பரை." மெர்ரினின் குரல் ஒவ்வொரு பொருளோடும் இறங்கிக்கொண்டே போனது. "எல்லாம் இருக்கு லவ்டே. ஒண்ணும் போகல. நேரத்தை வீணடிக்கிற."

மேற்கே வெளிச்சம் சாயத் தொடங்கியிருந்தது. தம்பிகள் சுவரிலிருந்து இறங்கிக் கால்களை உதறிக்கொண்டார்கள்.

சுவரோரத்தில், கருகிய பலிபீடத்துக்கு அடியில், ஓர் இரும்புப்பெட்டி கிடந்தது. பழைய கப்பல் பெட்டி. தடித்த இரும்பு. மேலே கரி படிந்திருந்தது, மூடி சரியாகவே மூடியிருந்தது.

"இதுல என்ன?"

"என் சீடருங்களோட அளவு. ஒருத்தர் நம்ம வழிக்குள்ள வர்ற அன்னிக்கு, உச்சந்தலையிலேருந்து பாதம் வரைக்கும் சிவப்பு நூலால அளந்து எடுப்போம். அந்த நூல் அவங்களேதான். அது என்கிட்ட இருக்கும். துரோகம் பண்ண மாட்டேங்கிறதுக்கு அதுதான் ஈடு."

"பிணைக்கைதி மாதிரி," என்றார் டென்சில்.

"ஆமா. பிணைக்கைதிதான்."

"திற," என்றாள் லவ்டே.

"தேய்பிறையில திறக்கக் கூடாது. தீப்பிடிச்ச அன்னிக்கே தேய்பிறை."

"அதனால இன்னும் யாரும் திறந்து பாக்கல. நீ பாக்க மாட்டேன்னு வேற யாருக்கெல்லாம் தெரியும்?"

மெர்ரின் அவளைப் பார்த்தாள். மூவருக்குத் தெரியும். இந்த உலகத்தில் மூவருக்கு மட்டும். அவள் மண்டியிட்டாள். சாவி பெட்டியின் பூட்டிலேயே கருகி ஒட்டியிருந்தது. யாரும் தொடத் துணியாத பெட்டிக்குச் சாவியை ஒளித்துவைக்க வேண்டிய தேவை இருந்ததில்லை. டென்சில் கம்பியால் நெம்பினார்.

உள்ளே நூல்கள் வறுத்த ரொட்டியைப் போலப் பழுத்திருந்தன. ஆனால் முழுசாக இருந்தன. மூன்று சுருள்கள். மூன்று சீடர்கள்.

டென்சில் பெருமூச்சு விட்டார். "போச்சு அம்மணி. திரைச்சீலை வீட்டுலயேதான் இருக்கு."

லவ்டேயும் உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு நேர்த்தியான யோசனை என்று ஒரு மணி நேரமாகத் தன்னையே மெச்சிக்கொண்டு வந்திருந்தாள். வெளியே தம்பிகளில் ஒருவன் ஏதோ சொல்ல, மற்றவன் சிரித்தான். ஹெட்லியின் கிழட்டு விரல்கள் வலையில் ஓடியது அவளுக்கு நினைவுக்கு வந்தது.

"விரிச்சுப் பாக்கலாமா?" என்றாள்.

முதல் நூல் நீண்டுகொண்டே போனது. "டாலன்," என்றாள் மெர்ரின். பள்ளி ஆசிரியர், இந்த வாசலில் தலை இடிக்காமல் ஒருநாளும் நுழையாதவர். இரண்டாவது நடுத்தரம். "ரொட்டிக்கடை வென்னா."

மூன்றாவது நூலை டென்சில் விரித்தார், விரித்தார், இன்னும் விரித்தார்.

"கெரன்சாவோடது," என்றாள் மெர்ரின். சொன்ன உடனேயே அவள் குரல் நின்றது.

தையல்காரி கெரன்சாவை லவ்டேக்குத் தெரியும். கடையில் துணி வெட்டும் மேசைக்குப் பின்னால் பலகை போட்டு நிற்பவள். ஊரில் அவளை 'குருவி' என்பார்கள்.

"இவ்வளவு நீளத்துக்குக் குருவி எப்ப வளர்ந்துச்சு?" என்றார் டென்சில்.

லவ்டே எழுந்து நூலின் ஒரு முனையைப் பிடித்தாள். "மெர்ரின், நிமிர்ந்து நில்லு."

முனையை அவள் உச்சந்தலையில் வைத்தாள். மறுமுனை மெர்ரினின் குதிகாலைத் தொட்டு நின்றது. ஒரு நகமளவு கூட மிச்சமில்லை.

கரி உதிரும் சத்தம் கேட்டது.

"உன்னை யாராவது அளந்திருக்காங்களா?"

"வசந்தத்துல," என்றாள் மெர்ரின். "புது அங்கி தைக்க. தலையிலேருந்து கால் வரைக்கும் ரெண்டு தடவை அளந்தா. தலைக்கு எதுக்குடின்னு கேட்டேன். முக்காடுக்குன்னா." அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அதுக்கு முந்தின குளிர்காலத்துல விலகிப் போறேன், நூலைக் குடுன்னு கேட்டா. தனியா ஒரு வட்டம் ஆரம்பிக்கணுமாம். எல்லார் முன்னாடியும் சிரிச்சேன். ஊசி கோக்கத் தெரிஞ்சவளெல்லாம் நிலாவை இறக்க முடியாதுன்னேன். அப்புறம் மன்னிப்புக் கேட்டா. நானும் விட்டுட்டேன்."

"தன் உயரத்துக்கே வேற ஒரு நூலை வெட்டிப் போட்டிருந்தா தப்பிச்சிருப்பா," என்றார் டென்சில். முதல் முறையாக அவர் குரலில் கேலி இல்லை.

"அவளால முடியாது," என்றாள் லவ்டே. "தன் நூலை எரிச்சா தானே எரிஞ்சுடுவோம்னு நம்பறவ. அதனால அதை எடுத்துட்டா. எரியறதுக்கு ஒரு நூல் வேணும்னா, அது ஏதோ ஒரு நூலா இருக்க முடியாது. நம்பாதவன் பண்ற தப்பு இல்ல இது. மெர்ரின், அவ அறையை எரிக்கல. உன்னை எரிச்சா."

மெர்ரின் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். முழுசாக இருந்த கைகள்.

"நெருப்புக்கு நடுவுல நான் இல்லாமப் போனேன்," என்றாள். "அவர் நடுவுல வந்துட்டார்."

*

ஜாகோவின் தம்பிகளை டென்சில் பஸ் ஏற்றிவிட்டார். அண்ணன் உடனே வரச் சொன்னதாக மருத்துவமனையிலிருந்து செய்தி என்றார்.

"பொய்தானே?" என்றாள் லவ்டே.

"போய்ச் சேர்ந்ததும் உண்மை ஆயிடும். தம்பிகளைப் பாத்தா அழுவான். திரும்பி வர்ற பஸ் ஏழரைக்குத்தான், ஓட்டறது என் சிநேகிதன். வழியில டயரு பாக்கறேன்னு நிறுத்திக்குவான்."

இன்ஸ்பெக்டர் ட்ரூரி சந்தின் வளைவில் விளக்கணைத்த காரில் காத்திருந்தாள். ஓர் அங்கி அளவையும் ஒரு நூலையும் வைத்து எந்த நீதிமன்றமும் தண்டிக்காது என்று தொலைபேசியிலேயே சொல்லிவிட்டாள். வாயால் வரவேண்டும்.

கூரையில்லாத அறைக்குள் மெர்ரின் வட்டம் போட்டிருந்தாள். நான்கு திசையில் நான்கு விளக்குகள். வாசலில், கருகிய கறுப்புப் பிடிக் கத்தியோடு அவளே நின்றாள். வட்டத்துக்குள் வரும் ஒவ்வொருவரும் அந்த முனை நெஞ்சைத் தொடும்போது, எதைக் கொண்டு வருகிறாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். குறையில்லாத அன்பும் குறையில்லாத நம்பிக்கையும் என்று சொல்ல வேண்டும். அந்த இடத்தில் பொய் சொன்னவர் கத்திமேல் தானே விழுந்தவர் ஆவார். இது அவர்கள் நம்பிக்கை.

லவ்டே சுவருக்கு வெளியே நின்று பார்த்தாள். டாலன் தலையை இடித்துக்கொண்டு உள்ளே போனார். வென்னா போனாள். மூன்றாவதாக, கையில் கேக் கூடையோடு, கெரன்சா.

"எதைக் கொண்டு வர்ற?"

"குறையில்லாத அன்பு," என்றாள் கெரன்சா. நிறுத்தினாள். உதடுகளை ஈரப்படுத்திக்கொண்டாள்.

மெர்ரின் காத்திருந்தாள். கத்தி அசையவில்லை.

"அக்கா, காத்து ரொம்ப அடிக்குது. விளக்கு அணைஞ்சுடும். உள்ள வரேனே."

"பாதி சொல்லிட்ட. மீதியும் சொல்லு."

கெரன்சா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. போலீசிடமும் ஊரிடமும் ஜாகோவின் கட்டிலருகிலும் தயங்காமல் பொய் சொன்ன வாய் அது. இந்த வாசலில், கூர் மழுங்கிய ஒரு கத்திக்கு முன்னால், மூடிக்கொண்டது. லவ்டே இதுவரை எத்தனையோ விசாரணை அறைகளில் உட்கார்ந்திருக்கிறாள். இவ்வளவு சுத்தமான விசாரணையைப் பார்த்ததில்லை.

"உன் நூல் எங்கடி?" என்றாள் மெர்ரின் மிருதுவாக.

கெரன்சாவின் கை கூடையை விட்டுவிட்டுத் தன் இடுப்புக்குப் போனது. தானாகப் போன கை. அவள் அதைத் திரும்ப எடுப்பதற்குள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். கேக்குகள் சாம்பலில் உருண்டன.

"நான் நூலைத்தான் எரிச்சேன்," என்றாள் அவள். "உன் நூலைத்தான். மனுசனை எரிக்கல. பழி என்மேல வரக் கூடாதுன்னுதான் அந்தக் கிழவன் டப்பாவை... ஜாகோ அண்ணன் ஓடி வருவாருன்னு எனக்கு எப்படிக்கா தெரியும்? நீ சிரிச்ச. எல்லார் முன்னாடியும் சிரிச்ச."

"ஆமா. சிரிச்சேன்."

மெர்ரின் கத்தியைக் கீழே வைத்தாள். கெரன்சாவின் அங்கியை விலக்கி இடுப்பில் சுற்றியிருந்த சிவப்பு நூலை, குழந்தையின் அரைஞாணைக் கழற்றுவது போல, முடிச்சு முடிச்சாக அவிழ்த்தாள். கெரன்சா தடுக்கவில்லை. சின்ன நூல். குருவியின் உயரம்.

"எரிச்சுடுவியா?"

"மாட்டேன்," என்றாள் மெர்ரின். நூலைச் சுருட்டித் தன் மார்புக்குள் வைத்துக்கொண்டாள். "உன் பேரை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், பொம்மைக்கு முகமும் வைக்க மாட்டேன். இது என்கிட்ட இருக்கும். தினமும் நான் அடுப்புப் பத்தவைப்பேன் கெரன்சா. ஜாகோவுக்குக் கஞ்சி காய்ச்சணும், ஊட்டணும். ஒவ்வொரு நாளும் தீக்குச்சியைக் கிழிப்பேன். நீ எந்தச் சிறையில இருந்தாலும், விடியறப்போ அதை நினைச்சுக்க."

காரின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் ட்ரூரி கைவிளக்கோடு வந்தாள். கெரன்சா அவளை நோக்கி ஓடினாள். தப்பிக்க அல்ல, அடைக்கலம் கேட்பவளைப் போல.

"எல்லாம் ஒத்துக்கிறேன். எழுதிக் குடுக்கிறேன். அந்த நூலை மட்டும் அவகிட்டேருந்து வாங்கிடுங்க. அது சாட்சிதானே? சாட்சியை நீங்கதானே வெச்சுக்கணும்?"

"எந்த நூல்?" என்றாள் ட்ரூரி. லவ்டே பெட்டியிலிருந்த மூன்றாவது நூலை அவளிடம் ஏற்கனவே உறையில் போட்டுக் கொடுத்திருந்தாள். "அது என்கிட்டதான் இருக்கே."

"அது இல்ல. இன்னொண்ணு. லவ்டே அக்கா, நீங்க பாத்தீங்க. சொல்லுங்க."

எல்லாரும் லவ்டேயைப் பார்த்தார்கள். மெர்ரினும் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை.

லவ்டேக்கு நூலில் நம்பிக்கை கிடையாது. நாளைக்கு அது குப்பையில் கிடந்தாலும் கெரன்சாவுக்கு ஒன்றும் ஆகாது என்று அவளுக்குத் தெரியும். கெரன்சாவுக்கு அது தெரியாது என்பதும் தெரியும். பெயர் கிடைத்த பிறகு என்ன செய்வது என்பதற்கு இப்படி ஒரு பதில் இருக்கலாம் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. கடற்கரையில் நாயோடு நடப்பவனிடம் எடுத்துவைத்துக்கொள்ள இப்படி ஏதாவது இருக்குமா என்ற எண்ணம் வந்தது. அந்த எண்ணத்தின் இனிப்பை அவள் நாக்கில் உணர்ந்தாள், வெட்கத்தோடு, ஆனால் துப்பாமல்.

"நூலா?" என்றாள். "நான் ஒண்ணும் பாக்கலையே."

கெரன்சா கத்தவில்லை. காரில் ஏற்றும்போதும் அவள் கண்கள் மெர்ரினின் மார்பிலேயே இருந்தன.

சந்தில் இருட்டு இறங்கிவிட்டது. ஹெட்லியின் கொட்டகையில் விளக்கு எரிந்தது. தன் கைகளுக்கு இன்று என்ன நேர இருந்தது என்று அறியாமல் கிழவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். டென்சிலும் லவ்டேயும் அந்த வெளிச்சத்தைக் கடந்து நடந்தார்கள்.

"மூணு மடங்கு திரும்பும்னு சொன்னாங்களே, அம்மணி."

"தெரியும்."

அவர் சட்டைப்பையிலிருந்து, மெர்ரின் வீட்டில் எடுத்துவந்த பன்னை வெளியே எடுத்துப் பிட்டார். லவ்டே கையை நீட்டினாள். காலையிலிருந்து இப்போதுதான் அவளுக்குப் பசித்தது.